மழைத்தண்ணிக் கான்ல மண் நிரம்புதா? அறிகுறியைப் பாத்துப் பிழை பிடிக்கிற விதம்

நாங்கள் இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்குற ஒரு ஒழுங்கையில. ஃபிளாட்டில 18 வீடு. நான் கட்டிட வேலைத்தளங்களில கன காலம் சுப்பர்வைசரா நிண்டவன், அதால கான், அதாவது றோட்டோர மழைத்தண்ணி வடிகான், அடைச்சாலும் கேட்டடியில தண்ணி ஏறினாலும் ஆக்கள் என்னைத்தான் கூப்பிடுறது. எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "மண் அள்ளுறதுக்கு ஆள் பிடிக்க எவ்வளவு காசு முடியும்?" எண்டுதான். நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டே ஒண்டு, "என்ன மண் எண்டு கையில எடுத்துப் பாத்தனீங்களோ?" இதுவரைக்கும் ஒருத்தரும் ஓம் எண்டு சொன்னதில்ல. மண்ணைப் பாக்காமல் ஆளைப் பிடிச்சால் காசு போகும், ரெண்டு மழைக்குப் பிறகு அதே மண் அதே இடத்தில கிடக்கும். ஏன் எண்டா அந்தத் துணிக்கை எவ்வளவு பெரிசு எண்டதுதான் அது எங்க இருந்து வருது, எங்க நிக்கும், எதால நிப்பாட்டலாம் எண்ட மூண்டையும் சொல்லும்.

அதால அறிகுறிகளுக்குப் போக முதல் இந்த ரெண்டு சோதினையையும் செய்யுங்கோ, காசு முடியாது.

முதல் வேலை: ஒரு போத்தலும் ரெண்டு விரலும்

ஒண்டரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ரெண்டு எடுங்கோ. மழை துவங்கி முதல் பத்து நிமிஷத்துக்குள்ள கான்ல ஓடுற தண்ணியில ஒண்டு, அரை மணித்தியாலம் கழிச்சு இன்னொண்டு. ரெண்டிலயும் மார்க்கரால நேரத்தை எழுதி, நல்லாக் குலுக்கிப்போட்டுக் குசினி ஜன்னலடியில அசையாமல் வையுங்கோ. வைச்ச உடன போனில நேரத்தைப் பாருங்கோ.

போத்தலில தண்ணி ஒரு 20 சென்ரிமீற்றர் உயரம் நிக்குது எண்டு வைப்பம். மணல், அதாவது 0.1 மில்லிமீற்றரும் அதுக்கு மேலயும், அரை நிமிஷத்துக்குள்ள அடியில இருக்கும், நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கவே விழும். அதில பத்தில ஒரு பங்கு, 10 மைக்ரோன், அதாவது 0.01 மில்லிமீற்றர் வண்டல், விழுந்து முடிய அரை மணித்தியாலம் எடுக்கும். பத்து மடங்கு சின்னன் ஆனா பத்து மடங்கு நேரம் தானே எண்டு நினைப்பம், அப்பிடி இல்ல, கிட்டத்தட்ட நூறு மடங்கு, ஏன் எண்டா விழுற வேகம் விட்டத்தின்ர வர்க்கத்தோட குறையும், ஸ்டோக்ஸ் விதி எண்டு படிச்சிருப்பீங்கள். 2 மைக்ரோன் களிமண் எண்டால் அதே 20 சென்ரிமீற்றர் இறங்க அரை நாளுக்கு மேல வேணும், அதிலும் சின்னன் எண்டால் நாட்கணக்கு. இந்த ஒரு விசயம் மனசில நிண்டால் கீழ சொல்லப்போறதில பாதி தானா விளங்கும்.

அடுத்தது விரல். மெல்லிய ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு கான் அடியில ஒரு பிடி எடுங்கோ, வெறுங்கையால வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தால கான் தண்ணிக்குள்ள வாறது, கையில ஒரு சின்னக் கீறல் இருந்தாலே காணும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சுத் தேய்ச்சுப் பாருங்கோ. சொரசொர எண்டு கிளவுஸைப் பிராண்டினா மணல். பேபி பவுடரை நனைச்ச மாதிரி வழுக்கிக்கொண்டு, காஞ்ச உடன தட்டினா உதிர்ந்தா வண்டல். ஒட்டிக்கொண்டு, உருட்ட உருட்டப் புழு மாதிரி உடையாமல் நீண்டா களி. கறுத்து, பிசுபிசு எண்டு, மணந்தா அது மண் மட்டுமில்ல, அதுக்குத் தனியாச் சொல்லுறன்.

இப்ப அறிகுறிக்கு வருவம்.

அறிகுறி 1: மழை விட்ட பிறகு கேட்டடியிலயும் ரோட்டு ஓரத்திலயும் சொரசொர மணல் திட்டு

இதுதான் லேசான கேஸ். மணல் கன தூரம் ஓடி வராது, தண்ணி கொஞ்சம் மெதுவான உடனயே விழுந்திடும், அதால ஆள் பக்கத்திலதான் இருக்கிறார். ஒழுங்கையில மேட்டுப் பக்கமா ஒரு நூறு மீற்றர் நடந்து பாருங்கோ, அனேகமா எங்கேயோ வீடு கட்டுறதுக்கோ ரைல்ஸ் போடுறதுக்கோ லொறியில கொண்டந்து றோட்டில கொட்டின மணல், இல்லாட்டிக் கல்லுத்தூள் குவியல் கிடக்கும். குவியல்ட அடிப்பக்கம் தண்ணி அரிச்ச கோடு தெரியும், அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தால் உங்கட கேட்டுக்கு வரும்.

போய்ச் சண்டை பிடிக்கத் தேவையில்ல. "பாஸ், குவியலுக்கு மேல ஒரு தறப்பாளைப் போட்டு, கீழ்ப்பக்கம் மணல் நிரப்பின நாலு உரபேக்கை வரிசையா வையுங்கோ, உங்கட மணலும் மிஞ்சும்" எண்டு சொல்லிப் பாருங்கோ. மணலுக்குக் குடுக்கிற காசு அவையளுக்கும் தெரியும், கேப்பினம். உங்கட பக்கம் மணலை அள்ளித் தாச்சியில போடுங்கோ, ஹோஸைப் பிடிச்சுக் கானுக்குள்ள அடிச்சு விடாதேங்கோ. அடிச்சு விட்டா அது மறையிறதில்ல, பத்து வீடு தள்ளி இன்னொருத்தர்ர கேட்டடியில எழும்பும்.

குவியல் ஒண்டும் இல்ல, ஆனா மணல் வருது எண்டால் உங்கட வளவுக்குள்ளயே பாருங்கோ. கூரைப்பீலியால விழுற தண்ணி நேர நிலத்தில குத்துற இடத்தில குழி விழுந்திருக்கும், அந்தக் குழியில இருந்த மண்தான் கான்ல கிடக்கிறது. அந்த இடத்தில ரெண்டு தாச்சி சல்லிக்கல்லைக் கொட்டினா முடிஞ்சுது.

அறிகுறி 2: தண்ணி செங்கபிலமா ஓடுது, போத்தலில வைச்சாலும் ரெண்டு மூண்டு நாளா தெளியேல்ல

இதுதான் கஷ்டமான கேஸ், இதில தான் ஆக்கள் கூடக் காசை வீணாக்குறது.

கொழும்பில நிலத்தைக் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா கன இடத்தில வாறது கபுக் எண்ட செம்பாறை மண்ணும் செங்களியும். அதில உள்ள களித் துணிக்கையள் ஒவ்வொண்டும் ஒரே மாதிரி மின்னேற்றம் வைச்சிருக்கிறதால ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டே நிக்கும், சேந்து பெரிசாகாது, அதால விழாது. உறுதிப்படுத்த வேணும் எண்டால் அந்தப் போத்தலில கொஞ்சத்தை ஒரு கிளாசில ஊத்தி, சீனாக்காரம் ஒரு கடலை அளவு போட்டு ஒரு நிமிஷம் கலக்கிப்போட்டு விடுங்கோ. பஞ்சு மாதிரித் திரண்டு கால் மணித்தியாலத்துக்குள்ள இறங்கத் துவங்கினா அது களிதான், சந்தேகம் இல்ல. முந்தி எங்கட அம்மம்மா கிணத்துத் தண்ணி கலங்கினா தேத்தாங்கொட்டையை முட்டியின்ர உள்பக்கத்தில உரசுவா, அதுவும் இதே வேலைதான்.

இப்ப கன பேர் செய்யிறது என்ன எண்டால், மேசன் பாஸைக் கூப்பிட்டு கேட்டடியில ஒரு மண் பிடிக்கிற பிட் கட்டுறது. கட்டுறதுக்கு முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. கூரையும் முத்தமும் சேத்து 200 சதுர மீற்றர் எண்டு வைப்பம், மழை மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் வீதத்தில ஊத்துது, கொழும்பில பின்னேர இடிமழைக்கு அது பெரிய விசயம் இல்ல. செக்கனுக்கு கிட்டத்தட்ட 2.8 லீற்றர் வரும். வாற தண்ணியை மண் விழுற வேகத்தால பிரிச்சா பிட்டுக்குத் தேவையான பரப்பு வரும். 0.1 மில்லிமீற்றர் மணலைப் பிடிக்க அந்தத் தண்ணிக்கு 0.35 சதுர மீற்றர் பரப்பு காணும், அதாவது ரெண்டடிக்கு ரெண்டடி பிட். அதே தண்ணியில 10 மைக்ரோன் வண்டலைப் பிடிக்கோணும் எண்டால் 26 சதுர மீற்றர் வேணும், ஒரு பெரிய ஹோல் அளவு. இது தண்ணி குழம்பாமல் அமைதியாப் போனால் வாற கணக்கு, உண்மையில இன்னும் கூட வேணும். களி எண்டால் கணக்குப் போடவே தேவையில்ல, வெள்ளவத்தையில ஒருத்தரிட்டயும் அவ்வளவு காணி இல்ல. ஆனபடியா செங்கலங்கலுக்கு பிட் கட்டாதேங்கோ, அது மணலுக்கு மட்டும்தான்.

அப்ப என்ன செய்யிறது? வாற இடத்தைப் பிடிக்கிறதுதான் வழி. ரெண்டு போத்தலையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. முதல் பத்து நிமிஷப் போத்தல் கலங்கலாவும் அரை மணித்தியாலப் போத்தல் கொஞ்சம் தெளிவாவும் இருந்தா அது றோட்டிலயும் முத்தத்திலயும் சேந்து கிடந்த தூசி, முதல் தண்ணியோட கழுவுப்பட்டுப் போயிட்டுது. ரெண்டும் ஒரே மாதிரி, இல்லாட்டி ரெண்டாவது கூடக் கலங்கல் எண்டால் எங்கேயோ வெறும் மண் திறந்து கிடக்குது. மழை இல்லாத நாளிலயும் கான்ல செந்தண்ணி ஓடினா இன்னும் லேசு, யாரோ அத்திவாரக் குழியில, பேஸ்மென்ட்டில ஊறுற தண்ணியைப் பம்ப் பண்ணி நேர கானுக்குள்ள விடுகினம்.

எங்கட ஒழுங்கையில அதுதான் நடந்தது. மேல ஒரு கொன்ட்றாக்டர் பைலிங் முடிச்சு குழி தோண்டிக்கொண்டு நிண்டவர், இரவில பத்து மணிக்குப் பிறகு பம்ப் ஓடும், விடிய கான் அடியில ரெண்டு விரக்கட்டை உயரத்துக்கு ரத்தச் சிவப்பில சேறு. நான் இரவு பதினொண்டரைக்குச் சாரத்தோட இறங்கிப் போய் ஹோஸ் முனையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தன், அடுத்த நாள் காலமை சைட் என்ஜினியரிட்டக் காட்டினன். அவர் இளம் பெடியன், நல்ல பிள்ளை. "அங்கிள், டாங்கியில விட்டுத் தெளிய வைச்சுத்தான் விடச் சொன்னனான், இரவில நிக்கிற ஆக்கள் செய்யேல்ல" எண்டான். பிறகு ரெண்டு பெரிய டாங்கியைத் தொடுத்து, முதல் டாங்கியில சீனாக்காரம் கரைச்சு விட்டு, ரெண்டாவதின்ர மேல்வாயால வாற தெளிஞ்ச தண்ணியை மட்டும் விட்டாங்கள். அடியில படிஞ்ச களியை லொறியில ஏத்தினாங்கள். நாலே நாளில கான் தண்ணி வித்தியாசம் தெரிஞ்சுது. நீங்கள் அளவு தெரியாமல் கானுக்குள்ள சீனாக்காரத்தைக் கொட்டிப் பாக்கக்கூடாது, கூடிப்போனா தண்ணி புளிச்சு, போய்ச் சேருற வாய்க்காலில மீனைப் பாதிக்கும். இது டாங்கிக்குள்ள அளந்து செய்யிற வேலை.

கேக்காட்டி மாநகர சபை வடிகான் பிரிவுக்கு எழுத்தில குடுங்கோ, திகதி, நேரம், படம், ரெண்டு போத்தலின்ர படம். வாயால சொன்னா பதியுப்படாது.

ஒரு விசயத்தை இதில சொல்ல வேணும். கலங்கல் தண்ணி தானே, கடலுக்குத்தானே போகுது, ஓடட்டும் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். எல்லாம் கடலுக்குப் போறதில்ல. ஒரு பங்கு பேர வாவிக்கும் சதுப்பு நிலங்களுக்கும்தான் போய்ப் படியுது. கொழும்பு 2018 இல, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் எண்ட சர்வதேச ஒப்பந்தத்துக்குக் கீழ ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் எடுத்த நகரம், அந்த ஈரநிலம் வெள்ளத்தைத் தாங்குறது அதுக்குள்ள வெறும் இடம் இருக்கிற வரைக்கும் தான், ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மண்ணைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறம். பேரயில பச்சைப் பாசி கட்டுறதுக்கும் இதோட தொடர்பிருக்கு, பாசிக்கு உரமான பொஸ்பரஸ் இந்தச் சின்னத் துணிக்கையளில ஒட்டிக்கொண்டுதான் கனக்கப் பயணம் போறது.

அறிகுறி 3: கறுப்புச் சேறு, முட்டை அழுகின மணம்

கிளறினா குமிழி வந்து மணக்குது எண்டால் அடியில காத்து இல்லாமல் அழுகுது. மழைத்தண்ணிக் கான்ல அழுகுறதுக்கு ஒண்டும் இருக்கக்கூடாது. ஆரோ குசினித் தண்ணியையோ உடுப்புத் தோய்க்கிற தண்ணியையோ கானுக்குத் தொடுத்திருக்கினம். மழை இல்லாத ஒரு காலமை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில கானோரமா நடவுங்கோ, சமையல் நடக்கிற நேரம், எந்தப் பைப்பால சூடான, சவர்க்கார நுரையோட தண்ணி வருது எண்டு கண்ணாலயே காணலாம். கொழுப்பு மண்ணோட சேந்தா சீமெந்து மாதிரி இறுகும், சாதாரண மண்வெட்டியால ஏலாது, அதைச் சுரண்டித்தான் எடுக்கோணும். அந்தப் பைப்பைக் கழிவுநீர் லைனுக்கு மாத்தாத வரைக்கும் எத்தினை தரம் அள்ளினாலும் பிரியோசனம் இல்ல.

மணம் இல்ல, ஆனா மெல்லிய கறுப்புத் தூள் எண்டால் அது றோட்டுத் தூசி. ரயர் தேயுற ரப்பர், அதில துத்தநாகம், பிரேக் பாட்டில இருந்து செம்பு, டீசல் புகைக்கரி. காலி வீதிக்குக் கிட்டவா இருக்கிற ஒழுங்கையளில இது கூட. 1972 இல அமெரிக்க நகரங்களில தெருத்தூசியைச் சல்லடை போட்டுப் பாத்த ஒரு ஆய்வு இருக்கு, 43 மைக்ரோனுக்குக் கீழ உள்ள துணிக்கையள் மொத்த எடையில 6 வீதம் தான், ஆனா பார உலோகங்களில பாதிக்கு மேல அதிலதான் ஒட்டி இருந்தது. தெருக்கூட்டுற தும்புத்தடி பெரிய மண்ணைத்தான் தள்ளும், இந்தச் சின்னதை எழுப்பிக் காத்தில விடும், இல்லாட்டிப் பரவி விடும். அதால கேட்டுக்கு முன்னால கூட்டேக்க நனைச்சுக் கூட்டுங்கோ, கூட்டினதை அள்ளி எடுங்கோ, கானுக்குள்ள தள்ளாதேங்கோ. கான்ல எடுத்த கறுப்புச் சேற்றை மரக்கறித் தோட்டத்துக்கோ பூச்சாடிக்கோ போடவே கூடாது, பாக்க நல்ல பசளை மண் மாதிரித்தான் இருக்கும்.

மூடின கானுக்குள்ளயோ மேன்ஹோலுக்குள்ளயோ ஒருத்தரையும் இறக்காதேங்கோ, தலையை விட்டுப் பாக்கவும் விடாதேங்கோ. அந்த முட்டை மணம் ஹைட்ரஜன் சல்பைட், செறிவு கூடினா மூக்கு மரத்துப் போய் மணமே தெரியாது, ஆள் அப்பிடியே விழுந்திடுவார், தூக்கப் போறவரும் விழுவார். கூலிக்கு வாற பெடியன் "பரவாயில்ல ஐயா, நான் இறங்குறன்" எண்டு சொன்னாலும் விடாதேங்கோ.

அறிகுறி 4: அள்ளி ஒரு மாசம் ஆகேல்ல, திரும்ப நிரம்பிட்டுது

எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். போன வருசம் கான் முழுக்க அள்ளினம், வீட்டுக்கு வீடு காசு சேத்து. ரெண்டு கிழமை கழிச்சு ஒரு இரவு நல்ல மழை, விடிய கீழ் வீட்டு அன்ரி மேல ஏறி வந்து கதவைத் தட்டுறா, "தம்பி, இப்பதானே காசு குடுத்து அள்ளினது, வந்து பாருங்கோ." போய்ப் பாத்தா முக்கால்வாசி நிரம்பிக் கிடக்கு. ஓரத்தில பாத்தன், அள்ளினவங்கள் மண்ணைக் கான் கரையிலயே நீட்டுக்குக் குவிச்சுப்போட்டுப் போயிருக்கிறாங்கள், பிறகு லொறி வரும் எண்டு. லொறி வரேல்ல, மழை வந்திட்டுது. எங்கட காசில அள்ளின மண் திரும்ப அதே இடத்தில. அதில இருந்து நாங்கள் அள்ளுற நாளில லொறி நிக்காட்டி வேலையைத் துவங்க விடுறதில்ல. குறைஞ்சது உரபேக்கில கட்டி மேட்டில வைக்கோணும்.

அது இல்ல எண்டால் தண்ணியின்ர வேகத்தைப் பாருங்கோ. மண் படியாமல் தன்ர பாட்டில கழுவுப்பட்டுப் போக கான்ல தண்ணி செக்கனுக்கு 0.6 மீற்றருக்கு மேல ஓடவேணும், 0.9 எண்டால் நல்லம். அளக்கிறது லேசு. மழை பெய்யேக்க கான் கரையில 3 மீற்றர் அளந்து ரெண்டு கோடு போடுங்கோ, மேல் கோட்டடியில ஒரு தேசிக்காயைப் போட்டு போனில ஸ்டொப்வொச்சை அமத்துங்கோ. மேல்மட்டத் தண்ணி அடித்தண்ணியை விட வேகமா ஓடும், அதையும் கணக்கில எடுத்தா தேசிக்காய் 3 மீற்றரை 4 செக்கனுக்குள்ள கடக்கோணும். 7, 8 செக்கன் எடுத்தா அந்த இடத்தில மண் படியாமல் விடாது, எத்தினை தரம் அள்ளினாலும்.

ஏன் மெதுவாகுது? தேசிக்காய் எங்க தயங்குது எண்டு பாத்துக்கொண்டே போங்கோ, அங்கதான் பிழை. எங்கட ஒழுங்கையில மூண்டு இடத்தில தயங்கிச்சுது. ஒண்டு, ஒரு வீட்டுக்காரர் கார் ஏத்துறதுக்கு கானை மூடி அடியில ஆறு இஞ்சி பைப் வைச்சிருந்தார், கான் ஒரு அடி அகலம், பைப் அதில பாதி, அதுக்கு மேல்பக்கம் எப்பவும் குளம். ரெண்டு, தண்ணி பைப் ஒண்டு கானுக்குக் குறுக்கால போகுது, அதில பொலித்தீனும் யோகட் கப்பும் தங்கி, அதுக்குப் பின்னால மணல். மூண்டாவது கொங்கிறீட் ஸ்லாப் ஒண்டு உடைஞ்சு ஒரு துண்டு உள்ளுக்க விழுந்து கிடந்தது, வெளியால பாத்தாத் தெரியாது. பைப்புக்குப் பதிலா கான் அகலத்துக்கே கழட்டக்கூடிய இரும்புக் கிராதி போடச் சொல்லி அந்த வீட்டுக்காரரோட மூண்டு தரம் கதைச்சம், கடைசியில சம்மதிச்சார். இப்ப அந்த இடத்தில நாலு செக்கன். நாலு மாசமா அள்ளவே இல்ல.

கானின்ர சரிவு காணாது எண்டால் அது உங்களால தனியத் திருத்த ஏலாது. அடியை மேடு பள்ளம் இல்லாமல் சீமெந்து பூசி, நடுவில ஒடுக்கமா ஒரு சின்ன வாய் விட்டா கொஞ்சத் தண்ணியும் சேந்து வேகமா ஓடும், ஓரளவுக்கு உதவும்.

அறிகுறி 5: மண் பிடிக்கிற பிட்டில எப்பவும் தண்ணி நிக்குது, நுளம்பு

பிட்டின்ர வெளிவாய் அடியில இருந்து ஒரு அடி உயரத்தில இருந்தாத்தான் மண் கீழ தங்கும், அதால தண்ணியும் தங்கும், அது பிழை இல்ல, அமைப்பே அதுதான். ஆனா கொழும்பில அதை அப்பிடியே விட ஏலாது. 2017 இல நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்தது, கொழும்பு மாவட்டம்தான் கூடப் பாதிக்கப்பட்டது. முட்டையில இருந்து பறக்கிற நுளம்பு வர ஒரு கிழமை, பத்து நாள் காணும். ஆனபடியா பிட் அடியில நாலு துளை விட்டு, கீழ ஒரு அடி சல்லிக்கல் போட்டு, தண்ணி மெதுவா நிலத்துக்க இறங்க விடுங்கோ. களி நிலம், இறங்காது எண்டால் மூடியை இடைவெளி இல்லாமல் இறுக்கி, ஓட்டைகளுக்கு நுளம்பு வலை அடியுங்கோ, கிழமைக்கு ஒரு நாள் வாளியால இறைச்சு விடுங்கோ. எங்கட ஃபிளாட்டில ஞாயிற்றுக்கிழமை காலமை முறை போட்டுச் செய்யிறம். பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து நுளம்புக் குடம்பி கண்டா வழக்கு வரும், அதை விடப் பெரிசு பிள்ளையள் இருக்கிற இடம்.

மண் அந்த ஒரு அடியில பாதிக்கு வந்த உடன அள்ளுங்கோ. நிரம்பும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டா அடுத்த பெருமழை ஏற்கெனவே பிடிச்சதையும் கிளப்பிக்கொண்டு போயிடும்.

அறிகுறி 6: மழை நேரம் கழிவுநீர் மேன்ஹோல் மூடி தூக்குது

கான் பிரச்சினை மாதிரித் தெரியும், ஆனா இது வேற. கூரைத்தண்ணியையோ முத்தத்துத் தண்ணியையோ ஆரோ கழிவுநீர் லைனுக்குத் தொடுத்திருக்கினம். ரெண்டும் வேற வேற லைன், கழிவுநீர்ப் பைப் மழையைத் தாங்குற அளவில்ல. அதோட மழைத்தண்ணி கொண்டு வாற மணல் பைப் அடியில தங்கி, குளியலறைத் தண்ணியே போகாமல் பண்ணும். கூரைப்பீலிப் பைப் எங்க இறங்குது எண்டு உங்கட கட்டிடத்தில முதல் பாருங்கோ. வாளித் தண்ணியில மஞ்சள் தூளைக் கரைச்சுப் பீலியில ஊத்தி, எந்த மூடிக்குக் கீழ மஞ்சளாத் தெரியுது எண்டு மேல நிண்டே பாக்கலாம்.

அறிகுறி 7: கான்ல மண்ணே இல்ல, ஆனா தண்ணி போகாமல் நிக்குது

அப்ப பிழை கீழ, வாயில. கடற்கரைப் பக்கம் உள்ள கான்கள் மரைன் டிரைவுக்கும் றெயில் பாதைக்கும் அடியால போய்த்தான் கடலுக்கு விழுறது. மே துவங்கி செப்ரெம்பர் வரைக்கும் தென்மேல் காத்து அடிக்கேக்க கடல் மணலைக் கொண்டந்து அந்த வாயில சுவர் மாதிரிக் கட்டும். வெள்ளவத்தை வாய்க்கால், தெகிவளை வாய்க்கால் முகத்துவாரத்திலயும் இதே கதைதான். இந்த மணல் உங்கட ஒழுங்கையில இருந்து போனதில்ல, எடுத்துப் பாத்தா விளங்கும், உருண்டையா, சுத்தமா, சிப்பித் துண்டுகளோட இருக்கும். கபுக் மண் அப்பிடி இராது. பாதைக்கு மேல ஏறிப் பாக்கப் போகேக்க றெயில் வாற நேரத்தைப் பாத்துப் போங்கோ.

கடற்பக்கம் இல்லாத ஆக்கள், கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, தெமட்டகொடைப் பக்கம் எண்டால் வாய்க்கால் மட்டத்தைப் பாருங்கோ. வாய்க்கால் தண்ணி உங்கட கான் வாயை விட உயரம் எண்டால் கானை எவ்வளவு துடைச்சு வைச்சிருந்தும் தண்ணி இறங்காது, சில வேளை திரும்பி வரும். கொழும்பு வாய்க்கால்த் தண்ணி வெளியேறுறது களனி ஆறு, வடக்கால முகத்துவாரம் எண்ட இடத்தில உள்ள சுரங்கம், வெள்ளவத்தை, தெகிவளை எண்டு ஒரு சில வாயால தான், களனி பெருகி நிண்டா அந்தப் பக்கம் போறதும் நிண்டிடும். 2010 நவம்பரில பாராளுமன்றத்துக்குள்ளயே தண்ணி போனது ஞாபகம் இருக்கும். தண்ணி இப்பிடி நிக்கிற நேரம்தான் வண்டல் படியிறதுக்கு நல்ல நேரம், ஓட்டம் இல்ல, குழப்பம் இல்ல, அதால வெள்ளம் வடிஞ்ச அண்டைக்கே, காஞ்சு இறுக முதல், அள்ளிப் போடுங்கோ. ஈரமா இருக்கேக்க மண்வெட்டிக்கு வரும், ரெண்டு நாள் வெயில் பட்டா அலவாங்கு வேணும்.

இந்த ரெண்டுக்கும் ஒழுங்கைக்காரர் செய்யக்கூடியது படமும் கடிதமும்தான். வாய்க்கால்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின்ர கையில, ஒழுங்கைக் கான்கள் மாநகர சபையின்ர கையில, காலி வீதி மாதிரிப் பெரிய றோட்டுக் கான் எண்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஆர்ர பகுதியில மண் நிக்குது எண்டு இடத்தைக் குறிச்சு, பக்கத்தில ஒரு அடிமட்டத்தை வைச்சுப் படம் எடுத்து, போத்தலின்ர படத்தையும் சேத்துக் குடுங்கோ. நாங்கள் போன தரம் அப்பிடிக் குடுத்தது செப்ரெம்பர் கடைசியில, ஒக்டோபர் மழை துவங்க முதல் வாயை வெட்டி விட்டாங்கள்.